கடைக்குள் காற்று இல்லை

டெல்வின் கண்ணாடி மேசைமேல் மூன்றை வைத்தான்.
எட்டு. பத்து. பன்னிரண்டு.
எடுத்துப் பார், பார்ப்பதற்குக் காசில்லை, என்றான்.

முழங்கைகளை மேசையில் ஊன்றி
தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன்.
பன்னிரண்டில் அதன் திருகாணிகளை எண்ணலாம்.
துருவோரம் பெயின்ட் சுருண்டிருப்பதும்,
எவனோ ஒரு பையன் ‘மார்லீ’ வரை எழுதிவிட்டு
மிச்சத்துக்குப் பயந்து இறங்கிப் போனதும் தெரிந்தது.
எட்டில் அது வெறும் தண்ணீர்த் தொட்டி.

யாரானாலும் பன்னிரண்டைத்தான் வாங்குவார்கள்.
கடைக்குள் காற்று இல்லை.

போன அக்டோபரில் கொழுந்தன் தேயர்
தன் பன்னிரண்டை எனக்குக் கொடுத்தான்.
ரெட் டெசர்ட்டில், நெடுஞ்சாலைக்கு வடக்கே முப்பது மைல்.
சேஜ் புதரைவிட உயரமாய் எதுவும் இல்லை.
எழுந்து நின்றால் நான்தான் மரம்.

உட்கார்ந்து கண்ணில் வைத்தேன்.
கவைக்கொம்பு மான் ஒன்று.
காதோர மயிர், மூக்கின் ஈரம், எல்லாம்.
ஆனால் அது துள்ளிக்கொண்டே இருந்தது,
நின்ற இடத்தில்,
தாளம் தப்பாமல்.
புரியச் சற்று நேரமாயிற்று:
அதன் தோளில் துடித்தது என் நாடி.

மூச்சைப் பிடித்தேன். இன்னும் ஓங்கித் துடித்தது.
பத்து மணிக்கு வெயில் ஏற,
கானலும் பன்னிரண்டு மடங்கு.
கால்கள் நான்கும் கரைந்து போய்
வயிறு மட்டும் இல்லாத தண்ணீரில் மிதந்தது.
அதையே பார்த்துக் கிடந்தேன்.
வட்டத்துக்கு வெளியே மற்ற ஒன்பதும்
எப்போதோ மேடு தாண்டியிருந்தன.
வெறுங்கண்ணோடு நின்ற தேயர் கேட்டான்:
நீ எதைப் பார்க்கிறாய்?

இதையெல்லாம் டெல்வினிடம் சொல்லவில்லை.
முக்காலி வாங்கு என்பான்.
முக்காலிக்கு இன்னொரு நூற்றெண்பது டாலர்.
எனக்கு இரவு ஷிப்டில் லாரிகளை எடைபோடும் சம்பளம்.

ஒவ்வொன்றையும் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து
கண்வில்லையில் நிற்கும் ஒளிப்பொட்டைப் பார்த்தேன்.
பன்னிரண்டில் கடுகைவிடச் சற்றே பெரிது.
எட்டில் மிளகு.
விடியுமுன் கிடைக்கும் அந்த இருபது நிமிஷத்துக்கு
எனக்கு மிளகு வேண்டும்.

எட்டா? என்றான். முகத்தில் வியாபாரம் இளைத்தது.
திறந்த வெளி அம்மா. தூரம்.
தூரம்தான்.
தூரத்தில் எங்கே என்பதுதானே என் பாடு.

மறைப்பானேன், பத்தையும் ஒருமுறை தூக்கினேன்.
இரு தரப்பையும் பகைக்காத பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி
நல்ல கனம்.
வைத்துவிட்டேன்.

பில் போடும்போது அவனே சொன்னான்:
அந்த மான்களுக்குக் கண்ணே எட்டு மடங்காம்.
யார் அளந்தது?
எல்லோரும் சொல்வதுதான் என்று
சில்லறையை எண்ணப் போய்விட்டான்.

இந்த வருஷக் குலுக்கலில் எனக்கு விழுந்தது
ஒரு பெண்மானுக்கு ஒரு சீட்டு.
ஃப்ரீசரைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

முதல் நாள். கிழக்கு இன்னும் சாம்பல்.
வறண்ட ஓடைக்கரையில் குப்புறப் படுத்திருந்தேன்.
நாடி துடித்தது, துடிக்காமல் என்ன,
எட்டுக்குள் அடங்கித் துடித்தது.
வட்டத்துக்குள் நீளமாய் ஒரு வேலி,
அதில் மாட்டிக்கொண்ட பிளாஸ்டிக் பை,
இரண்டு வெள்ளைக் கற்கள்.
கற்களில் ஒன்று நடந்தது.

பிறகு பதினொன்று, அரிசி சிந்தியது போல.
எது கிழம், எது இளசு, சொல்ல முடியாது.
புல் சாயும் பக்கம் தெரிந்தது.
தவழ்ந்து போக ஒரு பள்ளம் தெரிந்தது.

அப்போது ஓரமாய் மேய்ந்த ஒருத்தி தலை தூக்கினாள்.
முக்கால் மைல் இருக்கும்.
முகம் தெரியவில்லை, அது திரும்பியிருந்த திசை தெரிந்தது.

நான் பைனாகுலரை இறக்கினேன்.
அவள் இறக்கவில்லை.